‘அம்மா வீட்டில் இருப்பாங்களா?’: குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளின் அச்சமும் உரிமைக் கல்வியும்

மனக்காயம் பட்ட பிள்ளைக்குச் சிகிச்சை தொடங்கும்போது முதலில் சொல்வது, ‘ஆபத்து போய்விட்டது, இப்போது நீ பத்திரமாக இருக்கிறாய்’ என்பதுதான். வெள்ளத்திலிருந்தோ விபத்திலிருந்தோ மீண்ட பிள்ளைக்கு அது உண்மை. அமெரிக்காவில் பெற்றோரிடம் குடியேற்ற ஆவணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது உண்மையல்ல. ‘ஸ்கூல் விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருப்பாங்களா?’ என்று அந்தப் பிள்ளை கேட்டால், ‘கட்டாயம் இருப்பாங்க’ என்று யாராலும் மனமறிந்து சொல்ல முடியாது. சொல்லிவிட்டு அது பொய்த்துப் போகிற நாளில், அம்மாவோடு சேர்த்து, சொன்னவர் மீதிருந்த நம்பிக்கையையும் பிள்ளை இழந்துவிடும்.

உண்மையான பதில் வேறு மாதிரி இருக்கும். ‘அம்மாவால் வர முடியாமல் போனால் சித்தி வந்து உன்னைக் கூட்டிப்போவாங்க. ஸ்கூல் ஆபீஸில் சித்தி பேர் எழுதியிருக்கு. உன் இன்ஹேலர் எங்கே இருக்குன்னு சித்திக்குத் தெரியும். அம்மா எங்கே இருக்காங்கன்னு தேட வேண்டிய நம்பரும் அவங்ககிட்ட இருக்கு.’ இந்த நாலு வாக்கியமும் பொய்யாகாமல் இருக்க நாலு காகிதங்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். மனநலப் பராமரிப்பும் உரிமைக் கல்வியும் ஒன்று சேரும் இடம் அதுதான். ஒன்றை ஆலோசகரிடமும் மற்றதை வழக்கறிஞரிடமும் விட்டுவிட்டு, இருவரும் பேசிக்கொள்ளாமல் இருக்கும் இடங்களில் இரண்டு வேலையும் பாதியில் நிற்கின்றன.

பயம் வந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கும். ஒரு பெரியவர் அணைத்துக்கொண்டால் மெல்ல அடங்கும். பிள்ளைகளின் உடல் அப்படித்தான் இயங்குகிறது. அடங்கவே வழியில்லாமல் மாதக்கணக்கில் நீடிக்கும் நிலையை மருத்துவர்கள் நச்சு அழுத்தம் என்கிறார்கள். உறக்கம், நினைவாற்றல், கவனம் எல்லாவற்றையும் அது குலைக்கிறது. அடக்கித் தருகிற அந்தப் பெரியவரையே பறிகொடுக்க நேரும் என்பதுதான் குடியேறிய குடும்பங்களின் துயரத்தை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துகிறது.

2018-இல் நடந்ததை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். அந்த ஏப்ரலில் அமெரிக்க அரசு அறிவித்த ‘சகிப்பே இல்லை’ கொள்கையின்படி, எல்லை தாண்டிய பெற்றோர் மீது குற்ற வழக்குப் போடப்பட்டது. பிள்ளைகள் தனியே காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூன் 20-இல் அரசு பின்வாங்கியது. ஜூன் 26-இல் சான் டியேகோ நீதிபதி டேனா சப்ரா, 5 வயதுக்குட்பட்டவர்களை 14 நாளிலும் மற்றவர்களை 30 நாளிலும் பெற்றோரிடம் சேர்க்க உத்தரவிட்டார். அதற்கு முன்பும் பின்பும் நடந்ததையும் கணக்கில் எடுத்தால் பிரிக்கப்பட்ட பிள்ளைகள் 4,000-க்கும் மேல். எந்தப் பிள்ளை எந்தப் பெற்றோருக்குரியது என்பதை, பெற்றோரை வைத்திருந்த துறையும் பிள்ளைகளை வைத்திருந்த துறையும் சேர்ந்து பார்க்கும்படியான ஒரே பதிவேடு இல்லாததால், உத்தரவு வந்த பிறகும் சேர்த்துவைப்பது இழுத்தடித்தது. சேர்ந்த அன்று சில குழந்தைகள் தாயின் முகத்தைப் பார்க்கவே மறுத்தன. பாசம் அற்றுப்போனதால் அல்ல. தன்னை விட்டுவிட்டுப் போனார் என்றே அந்த வயதுக்குப் புரிந்திருக்கும். இன்னொரு முறை விட்டுப்போவதைத் தாங்க முடியாமல் மனம் முன்கூட்டியே விலகிக்கொள்கிறது.

பயம் வயதுக்கேற்ப வேறு வேறு உருவில் வரும். ஐந்து வயதுக்குள் என்றால் பழகிவிட்ட கழிப்பறைப் பழக்கம் மறந்துபோகும், பேசிய பேச்சு குறையும், இடுப்பை விட்டு இறங்காது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பெரும்பாலும் வயிற்று வலி, தலைவலி. திங்கட்கிழமை காலையில்தான் அதிகம். வளர்ந்த பிள்ளைகள் தம்பி தங்கைகளுக்குத் தாயாகிவிடுகிறார்கள், வேலைக்குப் போகிறேன் என்று படிப்பை விடுகிறார்கள், அல்லது யாரோடும் பேசாமல் அறைக்குள் அடைந்துவிடுகிறார்கள். வகுப்பில் எந்நேரமும் வாசலையே பார்க்கும் பிள்ளைக்குக் கவனக்குறைவு நோய் என்று முத்திரை குத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்தப் பிள்ளைக்குக் கவனம் குறைவாக இல்லை. முழுக் கவனமும் வாசலில் இருக்கிறது.

பள்ளிக்கூடம்

1975-இல் டெக்சஸ் மாநிலம், ஆவணமற்ற பிள்ளைகளுக்கான கல்விப் பணத்தை நிறுத்தச் சட்டம் போட்டது. டைலர் நகரப் பள்ளி நிர்வாகம் அந்தப் பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்டது. சில குடும்பங்கள் வழக்குப் போட்டன. 1982 ஜூன் 15-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், ஆவணம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் பொதுப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பிளைலர் எதிர் டோ என்ற அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? சேர்க்கைக்கு முகவரிச் சான்று, வயதுச் சான்று, தடுப்பூசி விவரம் கேட்கலாம். பெற்றோரின் விசா நிலையைக் கேட்டு அதை வைத்துச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. சமூகப் பாதுகாப்பு எண் தந்தால்தான் சேர்ப்போம் என்றும் சொல்லக் கூடாது. படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தால் காலியாக விடுங்கள். எதையாவது எழுதி நிரப்பாதீர்கள். 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவேட்டுச் சட்டப்படி, பெற்றோரின் ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் பள்ளி பொதுவாகப் பிள்ளையின் பதிவேட்டை வெளியே தர முடியாது. இதில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது. பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த ஊர் ஆகியவற்றைப் பள்ளி ‘விவரப் பட்டியல் தகவல்’ என்று வகைப்படுத்தியிருந்தால் ஒப்புதல் இல்லாமலே தரலாம். வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் அது நிற்கும். கல்வியாண்டின் தொடக்கத்தில் கட்டுக்கட்டாக வரும் தாள்களுக்கு நடுவே அந்தப் படிவமும் வரும். அதைத் தேடியெடுத்துக் கையெழுத்திட்டு, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம் ஆகியவற்றில் கைது நடவடிக்கையைத் தவிர்க்கக் குடியேற்ற அதிகாரிகளுக்குச் சொல்லும் குறிப்பு 2011-இலிருந்து ஏதோ ஒரு வடிவில் இருந்துவந்தது. 2025 ஜனவரியில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. பிள்ளையின் கல்வி உரிமை அப்படியே இருக்கிறது. வளாகத்தைச் சுற்றியிருந்த வேலி மட்டும் போய்விட்டது. இந்த வேறுபாட்டைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லாததால் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் இருந்துவிடுகிறார்கள். அதனால் சாப்பாடும் படிப்பும் மட்டுமல்ல, சிகிச்சையும் கைவிட்டுப் போகிறது. ஏனென்றால் இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் முக்கியமானது பள்ளிதான்.

லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகத்தில், குடியேறிய மாணவர்களுக்காகவே உருவான குழுச் சிகிச்சை ஒன்று இருக்கிறது, சிபிட்ஸ் என்பார்கள். மாணவர்களுக்குப் 10 குழு அமர்வுகள், ஒன்று முதல் மூன்று வரை தனி அமர்வுகள், பெற்றோருக்கு இரண்டு, ஆசிரியருக்கு ஒன்று. பயம் உடலில் என்ன செய்கிறது என்று புரிய வைத்தல், மூச்சைச் சீராக்குதல், பயமூட்டும் எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தல், தவிர்த்துவரும் இடங்களைப் படிப்படியாக அணுகுதல் என்று போகும். நடந்ததை முழுதாகச் சொல்வதைக் குழுவில் வைப்பதில்லை, தனி அமர்வில்தான். 2003-இல் வெளியான ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர்கள் 126 பேரில், சிகிச்சை பெற்றவர்களின் மனக்காய அறிகுறி மதிப்பெண் மூன்று மாதத்தில் சராசரியாக 8.9, இன்னும் பெறாமல் காத்திருந்தவர்களுக்கு 15.5. பஸ் பிடித்து, காப்பீடு தேடி, ஆறு மாதம் காத்திருந்து ஒரு கிளினிக்குக்குப் போவதைவிட, கணக்குப் பாடம் நடக்கும் கட்டடத்திலேயே கிடைப்பது இந்தக் குடும்பங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

கதவடியில்

உரிமை வகுப்புகளில் அதிக நேரம் எடுத்து விளக்க வேண்டியது வாரண்ட் பற்றித்தான். இரண்டு வகை உண்டு. குடியேற்ற அதிகாரியே கையெழுத்திடுவது ஒன்று. ஐ-200, ஐ-205 என்ற எண்கள் படிவத்தில் இருக்கும். நீதிபதி கையெழுத்திடுவது மற்றது. மேலே நீதிமன்றத்தின் பெயர், கீழே நீதிபதியின் கையெழுத்து, நடுவில் சோதிக்க வேண்டிய சரியான முகவரி, தேதி இருக்கும். அரசமைப்பின் 4-ஆம் திருத்தத்தை நீதிமன்றங்கள் நெடுங்காலமாக விளக்கிவருவதன்படி, வீட்டுக்குள் வர ஒப்புதல் வேண்டும், இல்லையென்றால் நீதிபதியின் வாரண்ட் வேண்டும். ஆகவே கதவைத் திறக்காமல், தாளைக் கதவிடுக்கில் தரச் சொல்லியோ ஜன்னலில் காட்டச் சொல்லியோ பார்க்கலாம்.

சட்டம் சொல்வதும் வாசலில் நடப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. மீறி உள்ளே வந்தால் தடுக்கக் கூடாது, ஓடக் கூடாது. ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று வாயால் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு வழக்கறிஞருக்கு அந்த ஒரு சொல் உதவும். பிறந்த நாட்டைப் பற்றிய கேள்விகளுக்குப் பேசாமல் இருக்கலாம். பொய் சொல்லவோ போலிக் காகிதம் காட்டவோ கூடாது. மௌனத்தால் வழக்கு கெடாது, பொய்யால் கெடும். புரியாத எதிலும் கையெழுத்து வேண்டாம், ஏனென்றால் ‘தானாகவே நாடு திரும்புகிறேன், விசாரணை வேண்டாம்’ என்ற ஒப்புதலாக அது இருக்கக்கூடும். ஊர் திரும்ப அஞ்சுபவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று இருந்தால் கேட்காமலே போய்விடலாம்.

பெரியவர்களுக்கு நடத்தும் இந்த வகுப்பைப் பிள்ளைகளையும் உட்காரவைத்து நடத்துவது நல்ல எண்ணத்தில் செய்யும் பெரிய பிழை. கதவைத் தட்டும் காட்சியை நடித்துக் காட்டினால் ஏழு வயதுப் பிள்ளை அன்றிரவு தூங்காது. சிறு பிள்ளைக்கு ஒரே விதி போதும்: ‘கதவைத் திறப்பது பெரியவர்கள் வேலை, நீ திறக்காதே.’ பத்து வயதுக்கு மேல் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லலாம். வாரண்ட் எண்களைப் பதின்வயதினருக்குச் சொன்னால் போதும்; அவர்கள் கையில் ஒரு பொறுப்பு இருப்பது பயத்தைக் குறைக்கவும் செய்யும்.

காகிதங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டியது, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்பது. அவரிடம் முதலில் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். பேரை எழுதிவிட்டுச் சொல்லாமல் விட்ட குடும்பங்கள் நிறைய. முடிந்தவரை அவர் நிலையான குடியேற்ற ஆவணமோ குடியுரிமையோ உள்ளவராக இருக்கட்டும், அருகில் வசிக்கட்டும். பள்ளியின் அவசரத் தொடர்பு அட்டையில் இரண்டு மூன்று பேர்களைச் சேர்த்துவிடுங்கள். அட்டையில் பேர் இல்லாதவரிடம் பள்ளி பிள்ளையை அனுப்பாது. மாலை வரை யாரும் வராவிட்டால் விவகாரம் குழந்தை நலத் துறைக்குப் போகும்.

அவருக்குத் தரும் அதிகாரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலிஃபோர்னியாவில் பராமரிப்பவரே நிரப்பிக் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம் ஒன்று உண்டு. நீதிமன்றம் தேவையில்லை, பெற்றோர் கையெழுத்தும் தேவையில்லை, பெற்றோரின் உரிமை சிறிதும் குறையாது. நியூயார்க்கும் மேரிலாந்தும் 2018-இல் தங்கள் ‘காத்திருப்புப் பாதுகாவலர்’ சட்டத்தைக் குடியேற்றக் கைதுக்கும் பொருந்துமாறு விரித்தன. கைது போன்ற நிலை வந்தால்தான் அது உயிர்பெறும். மற்ற பல இடங்களில் நோட்டரி முன்னிலையில் எழுதும் அதிகாரப் பத்திரம். பயத்தில் சிலர் நேரே நீதிமன்றம் போய்ப் பாதுகாவலர் ஆணையே வாங்கித் தந்துவிடுகிறார்கள். அதில் பிள்ளை மீதான அதிகாரம் இன்னொருவருக்குப் போகிறது, திரும்பப் பெற மறுபடி நீதிமன்றம்தான். தற்காலிகப் பத்திரம் போதுமான இடத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

பிள்ளை அமெரிக்காவில் பிறந்திருந்தால் அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்துவிட வேண்டும். 16 வயதுக்குள் என்றால் பெற்றோர் இருவரும் நேரில் வர வேண்டும். வர முடியாதவர் டிஎஸ்-3053 படிவத்தை நோட்டரி முன்னிலையில் எழுதித் தரலாம், அது 90 நாளுக்குத்தான் செல்லும். பெற்றோரின் தூதரகத்திலும் பிறப்பைப் பதிந்துவைப்பது நல்லது. குடும்பம் ஊர் திரும்ப நேர்ந்தால் அங்கே பள்ளியில் சேர்க்கவே அது தேவைப்படும். பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, மருந்தின் பெயரும் அளவும் வேளையும், ஒவ்வாமை, மருத்துவர் பெயர், வங்கி விவரம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒரே கோப்பில். இவற்றோடு இன்னொரு தாளையும் வையுங்கள்: எந்தத் தாலாட்டுக்குத் தூங்கும், எந்தப் பொம்மை இல்லாமல் படுக்காது, எதைச் சாப்பிடாது. சட்டத்துக்கு அந்தத் தாள் வேண்டாம். முதல் இரவுக்கு அதுதான் வேண்டும்.

எழுதித் தருபவர் யார் என்பதையும் பாருங்கள். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ‘நோட்டாரியோ’ என்றால் அனுபவம் மிக்க வழக்கறிஞர். இந்தியாவிலும் நோட்டரி என்றால் பொதுவாக வக்கீல்தான். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்தைச் சரிபார்த்து முத்திரை குத்துபவர் மட்டுமே. அவரால் குடியேற்ற வழக்கில் ஆலோசனை தர முடியாது. இந்தப் பெயர் மயக்கத்தில் பணத்தையும் வழக்கையும் இழந்தவர்கள் ஏராளம். வழக்கறிஞராக இருக்க வேண்டும், அல்லது அமெரிக்க அரசின் நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதியாக இருக்க வேண்டும்; கூச்சப்படாமல் அதற்கான சான்றைக் கேளுங்கள்.

கைதான பிறகு

குடியேற்றக் கோப்பில் ‘ஏ’ என்ற எழுத்தோடு தொடங்கும் எண் ஒன்று இருக்கும். அது இல்லாமல் தேடுவது இருட்டில் துழாவுவதுதான். எட்டு இலக்கமாக இருந்தால் முன்னால் ஒரு சுழியம் சேர்த்து ஒன்பதாக்க வேண்டும். அந்த எண்ணும் பிறந்த நாடும் தெரிந்தால் குடியேற்ற அமலாக்கத் துறையின் இணையத் தேடலில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்று பார்க்கலாம். 18 வயதுக்குட்பட்டவர்கள் அதில் வர மாட்டார்கள். குடியேற்ற நீதிமன்றத் தேதியை 1-800-898-7180 என்ற தானியங்கி எண்ணில் கேட்கலாம். எண்ணைப் பெற்றோர் மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது. சித்தியின் கோப்பிலும் இருக்க வேண்டும்.

முகவரி மாறினால் இரண்டு இடத்தில் தனித்தனியே சொல்ல வேண்டும்: குடியேற்றச் சேவைத் துறைக்கு ஏஆர்-11 படிவம் 10 நாளுக்குள், வழக்கு நடந்தால் நீதிமன்றத்துக்கு இஓஐஆர்-33 படிவம் 5 நாளுக்குள். ஒன்றைச் செய்தால் மற்றதும் ஆகிவிட்டது என்று நினைத்து, நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய், விசாரணைக்கு வராமலே வெளியேற்ற ஆணை வாங்கியவர்கள் உண்டு. புகலிட மனுவை வந்த ஓராண்டுக்குள் போட வேண்டும் என்பதையும் இதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளை வளர்ப்புக் குடும்பத்துக்குப் போய்விட்டால் இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடந்த 22 மாதத்தில் 15 மாதம் அரசுப் பராமரிப்பில் இருந்த பிள்ளை விஷயத்தில், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை ரத்துசெய்ய மாநிலம் மனுப் போட வேண்டும். உறவினரிடம் இருந்தால் விலக்கு கிடைக்கலாம். காவலில் இருக்கும் பெற்றோர் குடும்ப நீதிமன்ற நோட்டீஸுக்குப் பதில் தராமல் இருப்பது, பிள்ளை வேண்டாம் என்றதாக எடுத்துக்கொள்ளப்படலாம். ‘எனக்குப் பிள்ளை இருக்கிறது, விசாரணையில் தொலைபேசி வழியாவது கலந்துகொள்ள வேண்டும்’ என்று எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும்.

தனியாக வந்த பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். குடியேற்ற வழக்கு உரிமையியல் வகை என்பதால் அரசு வழக்கறிஞரை நியமித்துத் தராது, பிள்ளையானாலும் சரி. கைவிடப்பட்ட, துன்புறுத்தப்பட்ட, புறக்கணிக்கப்பட்ட பிள்ளைக்கு, நாட்டில் நிரந்தரமாகத் தங்க ‘தனி வகைக் குடியேற்ற இளையோர் நிலை’ என்ற வழி உண்டு. திருமணமாகாமல் 21 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம். ஆனால் முதலில் மாநில நீதிமன்றத்தின் ஆணை வேண்டும், பல மாநிலங்களில் 18 வயதோடு அந்த நீதிமன்றத்தின் கதவு மூடிவிடுகிறது. பதினேழரை வயதுப் பையனிடம் ‘21 வரை நேரம் இருக்கிறது’ என்று சொல்வது அவன் வாய்ப்பைப் பறிப்பதற்குச் சமம்.

ஆலோசகர் அறையில்

அரசுக் காப்பகத்தில் இருந்த பதின்வயதுச் சிறுவன் சிகிச்சையாளரிடம் நம்பிச் சொன்னவை குடியேற்ற நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராகவே நீட்டப்பட்ட செய்தி 2020-இல் வெளியானது. அதனால், எதை ரகசியமாக வைப்போம், எதை எழுதிவைப்போம், அந்தக் குறிப்பை யார் பார்க்க முடியும் என்பதை முதல் அமர்விலேயே, பிள்ளைக்குப் புரியும் சொல்லில் சொல்ல வேண்டும். சிகிச்சைக் குறிப்பில் குடும்பத்தின் விசா நிலையை எழுத எந்த மருத்துவத் தேவையும் இல்லை, எழுதாதீர்கள். இது தெரியாத நல்ல ஆலோசகர், தெரியாமலே தீங்கு செய்துவிடுவார்.

ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே உட்காரவைக்கும் சிகிச்சை பொருந்தும். வாரம் ஒரு முறை, ஓராண்டு அளவு போகும். பெரிய பிள்ளைகளுக்கு மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள். அதில் நடந்ததைக் கதையாக்கிச் சொல்லும் கட்டம் ஒன்று வரும். நீதிமன்றத் தேதி நெருங்குகிறது என்பதற்காக அதை முன்னே இழுக்கக் கூடாது. மூச்சையும் உறக்கத்தையும் ஓரளவு பிடித்து நிறுத்தாத பிள்ளையிடம் அதைக் கேட்டால் பழைய காயம்தான் மறுபடி திறக்கும்.

இதில் வழக்கறிஞரும் ஆலோசகரும் மோதிக்கொள்வதுண்டு. வழக்கறிஞருக்குத் தேதி, இடம், வரிசை எல்லாம் வேண்டும். காயப்பட்ட நினைவு வரிசையாக இருக்காது. துண்டு துண்டாக, ஒரு வாசனையாக, ஒரு சத்தமாக இருக்கும். சொல்லும்போதெல்லாம் சற்று மாறும். 2005-ஆம் ஆண்டின் ரியல் ஐடி சட்டப்படி அப்படிப்பட்ட முரண் எதையும் வைத்து நம்பகத்தன்மையை நீதிபதி எடைபோடலாம். மனநல நிபுணரின் மதிப்பீட்டு அறிக்கை இங்கேதான் உதவும். அந்த முரண் ஏன் வருகிறது என்று அது விளக்கும். அந்த மதிப்பீட்டைச் சிகிச்சை தருபவரே செய்யாமல் வேறொருவர் செய்வது நல்லது. சிகிச்சை அறை சாட்சிக் கூண்டாக மாறாமல் இருக்கும்.

மொழியும் பெரிய தடை. குவாத்தமாலாவிலிருந்து வருபவர்கள் எல்லாரும் ஸ்பானிஷ் பேசுவார்கள் என்று வைத்துக்கொள்கிறார்கள். பலருக்கு மாம், கிச்சே, கஞ்சோபால் என்ற மாயன் மொழிகள்தான் தாய்மொழி. ‘சி, சி’ என்று தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று பொருளல்ல. நம்மவர்களுக்கும் இது பொருந்தும். இலங்கைத் தமிழர்களும் தெற்கு எல்லை வழியாக வந்து புகலிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் வழக்கில்தான், குடியேற்ற நீதிபதியின் விசாரணை இல்லாமலே அனுப்பிவிடும் ‘விரைவு வெளியேற்றத்தில்’ சிக்கியவர்கள் நீதிமன்ற மறு ஆய்வு கேட்பதற்கான வழியை 2020-இல் உச்ச நீதிமன்றம் குறுக்கியது. ஊர் திரும்ப ஏன் அஞ்சுகிறார் என்று அதிகாரி கேட்கும் முதல் பேட்டியிலேயே நல்ல மொழிபெயர்ப்பாளர் அமைவது அதனால் இன்னும் முக்கியமாகிவிட்டது. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. தாய்க்கு நேர்ந்ததைத் தன் வாயால் இன்னொரு மொழியில் சொல்ல நேரும் பிள்ளை அதைத் தானும் அனுபவிக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் கேட்கலாம். யாழ்ப்பாணத் தமிழ் என்று குறிப்பிட்டும் கேட்கலாம்.

எச்-1பி விசாவில் இருக்கும் நம் குடும்பங்கள் இதெல்லாம் தங்களுக்கில்லை என்று நினைக்கின்றன. நாலு வயதில் வந்த பிள்ளை 21 ஆனதும் பெற்றோரைச் சார்ந்த விசாவை இழக்கிறது; கிரீன் கார்டு வரிசை பலருக்கு அதற்குள் நகர்வதில்லை. பதினெட்டு வயதில் முதன்முதலாக இதைக் கேட்கும் பிள்ளை உடைந்துபோவதை விட, பதினான்கு வயதில் மாணவர் விசா முதலிய வழிகளோடு சேர்த்துச் சொல்லிவைப்பது மேல்.

கோப்பு ஒரு முறை தயாரித்து அலமாரியில் வைத்துவிடும் பொருளல்ல. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து, சித்தியின் தொலைபேசி எண் மாறியிருக்கிறதா, மருந்தின் அளவு கூடியிருக்கிறதா, பள்ளி அட்டை இந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். கைபேசி பறிமுதலானால் அதிலிருக்கும் எந்த எண்ணும் உதவாது. ஆகவே ஒரே ஒரு எண்ணையாவது பிள்ளைக்கு மனப்பாடமாக்கி, பாட்டாகப் பாடவைத்து, மாதம் ஒரு முறை அந்த எண்ணுக்கு அதையே கூப்பிடச் செய்யுங்கள். எதிர்முனையில் சித்தி எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்கட்டும்.